தோல்வார் கட்டிய ஃபைல்

அவரை ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் உட்காரவைத்துக் காட்டுங்கள், பார்க்கலாம். முடியவே முடியாது. இருபத்தாறு வருடம் ஓடும் பஸ்ஸில் நின்றே பழகிய கால்கள் அவை. பல் டாக்டரின் அறை வாசலில் உட்காரவைத்தாலும் குதிகால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும், கண் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பதினேழாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு, அது சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. டெப்போவிலும் தெருவிலும் அவர் 'ரைட்டு'தான். யார் என்ன சொன்னாலும் 'ரைட்டு' என்று முடித்துவைப்பார், அதனால் வந்த பேர்.

அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. இரண்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல நேரம் இருக்காது. ஒன்று, அவர் விசில் ஊதமாட்டார். பஸ்ஸின் தகரத்தில் கையால் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் கிளம்பு. அந்தச் சத்தத்துக்கு ஏழு டிரைவர்கள் வேலை செய்திருக்கிறார்கள், ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை. இன்னொன்று, கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு பின் சீட்டிலிருந்து முன் சீட்டு வரை குனிந்து பார்த்துக்கொண்டே வருவார். சீட்டின் மேலே, கீழே, தலைக்கு மேலே உள்ள பலகையில். குடை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு பல் செட், எது கிடைத்தாலும் டெப்போவின் தவறிய பொருள் அறையில் கொடுத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். தேடி வருகிறவர்களிடம், "உள்ளே என்ன இருக்குன்னு சொல்லுங்க, எடுத்துட்டுப் போங்க" என்பார். சொல்லத் தெரியாதவர்கள் மந்திரியாகவே இருந்தாலும் அவரிடம் பருப்பு வேகாது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் ரைட்டு சொல்லவில்லை. ஆறு மாதமாகச் சொல்லவில்லை.

அவருடைய ஒரே மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தாள். கட்டடக் கலை படிக்க வேண்டும், அதுவும் எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பழைய நகரத்துப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கேட்கும்போதெல்லாம் அவர், "பார்க்கலாம் பாப்பா" என்றார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னார், கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார், அவள் முகத்தைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு ராத்திரி பகலாக எதையோ வரைந்தாள். அவர் ஒருநாள்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் சம்மதித்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்.

பல் டாக்டரிடம் நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை பார்க்கும் அவர் மனைவி இந்த இழுபறியை ஓர் அளவுக்குத்தான் பொறுத்தாள். குளிர்கால விடுமுறையில் பழைய நகரத்துக்கு மூன்று நாள் பஸ் சுற்றுலா என்று ஒரு விளம்பரம் பார்த்தாள், மூன்று இடம் பதிந்துவிட்டாள்.

"ரெண்டாவது நாள் காலையில பதினொரு மணிக்கு அவளுக்கு அங்க நேர்காணல். வரைஞ்சதை எல்லாம் காட்டணுமாம். நீங்க கோட்டையைப் பாருங்க, கொத்தளத்தைப் பாருங்க, எதையாவது பாருங்க. ஆனா கூட வர்றீங்க."

"பார்க்கலாம்" என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பதைக் கண்டு, "ஸ்வெட்டர் எங்க இருக்கு?" என்று முடித்தார்.

போகும் வழியெல்லாம் மனிதர் படுத்திய பாடு இருக்கிறதே! பயணியாக உட்கார அவருக்குத் தெரியவில்லை. வளைவுகளில் எழுந்து நின்றார். நிறுத்தங்களில் தலை எண்ணினார். சுற்றுலா வழிகாட்டியாக வந்த, மூக்குச் சிவந்த இளைஞர் முப்பத்தொன்பது என்றால் இவர் பின்னாலிருந்து, "நாப்பது. பாத்ரூம்ல ஒருத்தர் இருக்கார்" என்றார். முதல் டீ நிறுத்தத்தில்தான் மானம் போனது. பனிமூட்டத்தில் கதவருகே நின்றுகொண்டிருந்தவருக்கு யோசனை எங்கேயோ இருக்க, கை பாட்டுக்குத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டது. அந்த டிரைவரும் பழைய டவுன் பஸ் டிரைவர் போலிருக்கிறது. கியரைப் போட்டு நகர்த்தியே விட்டார். பின்னால் காகிதக் கோப்பையோடு நாலு பேர் ஓடி வந்தார்கள். அதில் முதல் ஆள் அவர் மனைவி.

"இனிமே உங்க கையை பாக்கெட்டுக்குள்ளயே வெச்சுக்கோங்க, புண்ணியமாப் போகும்" என்றாள் மூச்சிரைக்க. பஸ் முழுக்கச் சிரித்தது. மகளும் சிரித்தாள், மடியில் இருந்த பெரிய ஃபைலை அணைத்துக்கொண்டே.

அந்த ஃபைலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே படங்கள். அதைச் சுற்றிக் கட்டியிருந்தது ஒரு தோல்வார். அவருடைய பழைய டிக்கெட் பையின் வார்தான். டிக்கெட்டுக்கு மிஷின் வந்த பிறகு பையைப் பரணில் போட்டிருந்தார், மகள் வாரை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டாள். இருபது வருடம் அவர் தோளில் கிடந்து கறுத்துப் பளபளத்த வார், கொக்கியின் ஒரு பக்கம் தேய்ந்தது.

முதல் நாள் அந்த நகரத்தைப் பார்த்தார்கள். ஊரைச் சுற்றிக் கல்மதில், மதிலுக்குள் குறுகலான கல் பாவிய தெருக்கள், தெருவுக்கு ஒரு கல்லூரி. மூன்று பல்கலைக்கழகங்களில் மூத்தது நானூறு வருடத்துப் பழசு என்றார் வழிகாட்டி. தேய்ந்து குழிந்த படிகளில் மாணவர்கள் கழுத்துவரை கம்பளி சுற்றிக்கொண்டு ஏறி இறங்கினார்கள். மகள் நடந்தே போகவில்லை, மிதந்து போனாள். ஜன்னல் ஜன்னலாக அண்ணாந்து பார்த்தாள். ஒரு வளைவின் கீழே நின்று கல்லைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"அப்பா, இங்க பாருங்க! நடுக்கல்லு ஒண்ணுதான் மொத்தத்தையும் பிடிச்சுட்டு நிக்குது!"

"குளிருது பாப்பா, குல்லாயைப் போடு" என்றார் அவர். வளைவைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். இவள் இங்கேயே தங்கிவிடுவாள் என்று அந்த நிமிடமே தெரிந்துபோனது அவருக்கு. அன்றிரவு விடுதியில் போர்வையை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார்.

இரண்டாம் நாள் காலை எட்டரைக்குப் பஸ், மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் உள்ள வண்டிநிலையத்தில் நின்றது. காற்று ஊசியாகக் குத்தியது, தூறலும் இருந்தது. "பஸ் இங்கேயேதான் நிக்கும். சாமானை வெச்சுட்டு வாங்க, ஒரு மணி நேரத்துல மதிலைப் பார்த்துட்டுத் திரும்பிடலாம்" என்றார் வழிகாட்டி. படங்கள் நனைந்துவிடும் என்று மகள் ஃபைலைத் தலைக்கு மேலே பலகையில் வைத்துவிட்டு இறங்கினாள். அப்பா மதிலையாவது ஒழுங்காகப் பார்க்கட்டும் என்று அம்மாவையும் இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவர் கடைசியாக இறங்கினார். எப்போதும் கடைசியாகத்தான் இறங்குவார். பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு குடை, ஒற்றைக் கையுறை, ஒரு பை ஆரஞ்சு, ஒரு பெரிய ஃபைல். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு இறங்கினார். நிலையத்துத் தவறிய பொருள் கவுண்டர் ஒன்பதுக்குத்தான் திறக்கும். ஜன்னலுக்குக் கீழே வாய் அகன்ற மரப்பெட்டி ஒன்று இருந்தது. ஒவ்வொன்றாக அதற்குள் இறக்கினார். கடைசியாக ஃபைல். கையை விட்டபோது ஏதோ உறுத்தியது. கைகளைத் தேய்த்துக்கொண்டு விறுவிறுவென்று மதிலைப் பார்க்க நடந்தார், திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு எல்லோரும் திரும்பினார்கள். "என் குடை எங்கே?" என்றார் ஒரு பெரியவர். "ஆரஞ்சையுமா திருடுவாங்க?" என்று ஓர் அம்மாள் கேட்டாள். மகள் பலகையைத் தடவினாள். சீட்டுக்குக் கீழே பார்த்தாள். மறுபடியும் பலகையைத் தடவினாள். பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள்: மனைவி, மகள், டிரைவர்.

"நீங்க… இறங்கறப்ப சீட்டு சீட்டா குனிஞ்சு பார்த்தீங்களா?" என்றாள் மனைவி, மிகவும் மெதுவாக.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பழக்கதோஷம்…" என்றார்.

"பழக்கதோஷமா! பெத்த பொண்ணோட ரெண்டு வருஷ உழைப்பைக் கொண்டுபோய்ப் பெட்டியில போடுறது ஒரு பழக்கமா? பத்தரைக்குள்ள பேரைப் பதியணும்! நாங்க போய்ப் பதிஞ்சுட்டு உட்கார்ந்திருக்கோம். ஃபைலோட வந்தா வாங்க. இல்லன்னா அப்படியே மதில்மேல ஏறி நின்னு வேடிக்கை பாருங்க, வராதீங்க!"

மகள் அவர் பக்கமே திரும்பவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவின் பின்னால் ஓடினாள். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கவுண்டரில், ஸ்வெட்டரின் கையை விரல்நுனிவரை இழுத்துவிட்டிருந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். குடைக்காரர் வாத்துத்தலைப் பிடி என்று சொல்லிக் குடையை வாங்கிக்கொண்டு, இவரை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். கையுறைக்காரி மற்றக் கையுறையைக் காட்டினாள். ஆரஞ்சு அம்மாள் பதினொன்று என்றாள், பத்துதான் இருந்தது, அதற்கும் இவரைத்தான் பார்த்தாள். ஒருவழியாக இவர் முறை வந்தபோது பத்தரை.

"ஒரு பெரிய ஃபைல். தோல்வார் கட்டினது. என் பொண்ணோடது. பதினோரு மணிக்கு அவளுக்கு நேர்காணல்மா, சீக்கிரம்!"

"பேர் எதுவும் எழுதலையே. நம்பர் மட்டும் இருக்கு."

"பேர் எழுதக் கூடாதுன்னு பல்கலைக்கழகத்துல விதி."

"நம்பர் சொல்லுங்க."

"அது அவளுக்குத்தான் தெரியும். உள்ளே போறப்ப போனை வாங்கி வெச்சுக்கிட்டாங்க போல, ரெண்டு பேரும் எடுக்க மாட்டேங்கறாங்க."

அந்த அம்மாள் ஃபைலைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். "நேத்து ஒருத்தர் அடுத்தவர் பெட்டியைத் தன்னோடதுன்னு வாங்கிட்டுப் போயிட்டார். என்னைத்தான் வாங்கு வாங்குன்னு வாங்கினாங்க. உள்ளே என்ன இருக்குன்னு சொல்லுங்க, எடுத்துட்டுப் போங்க."

அவர் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பார் இதே வாக்கியத்தை! இப்போது அது திரும்பி வந்து அவர் கன்னத்திலேயே அறைந்தது.

"படம்" என்றார்.

"என்ன படம்?"

"கட்டடம்."

"இந்த ஊருக்கு ஃபைலைத் தூக்கிட்டு வர்ற எல்லாப் பிள்ளைங்களும் கட்டடம்தான் சார் வரையுது. எந்தக் கட்டடம்?"

தெரியவில்லை. பெற்ற மகள் இரண்டு வருடம் என்ன வரைந்தாள் என்று தெரியவில்லை. கவுண்டருக்கு முன்னால் இப்படி நாலடி, அப்படி நாலடி நடந்தார். கடிகாரம் பத்து முப்பத்தாறு. கண்ணை மூடிக்கொண்டு மகளை நினைத்துப் பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்ட மகள் வரவில்லை. சனிக்கிழமை மகள் வந்தாள். சனிக்கிழமைகளில் அவருக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பின்கதவுக்கு அடுத்த வலப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு நடை கூடவே வருவாள். அப்பாவோடு இருக்கப் பிள்ளைக்கு அவ்வளவு ஆசை என்று டெப்போ முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டவர் அவர். ஆனால் அவள் அவரையா பார்த்தாள்? ஜன்னலைத்தானே பார்த்தாள்! ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் தலை எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியும். பயணிகளைப் பார்ப்பதுதானே அவர் பிழைப்பு.

"முதல் படம் தண்ணித் தொட்டி" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "உயரமானது, கீழே எட்டுக் கால் இருக்கும்."

அட்டை திறக்கும் சத்தம் கேட்டது.

"அடுத்தது மூடிப்போன சினிமாக் கொட்டகை. அப்புறம் ஆஸ்பத்திரி, முன்பக்கம் இல்ல, பின்னாடி சுத்திச் சுத்திப் போற இரும்புப் படி. அப்புறம் நாலு கண்ணு பாலம். கோர்ட்டு, அது கடிகாரத்துல ஒரு முள்ளு இருக்காது. மாவு மில்லு புகைபோக்கி. பள்ளிக்கூடத்துச் சுவர், அதுல ஒரு மரம் முளைச்சிருக்கும்…"

நிறுத்தம் நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே போனார், பஸ்ஸில் சொல்கிற அதே ராகத்தில். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் புரண்டது. பதினான்காவதாக, "டெப்போ வாசல்" என்றார்.

"இருக்கு. இன்னும் ஒண்ணு பாக்கி" என்றாள் அந்த அம்மாள். அவள் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "கடைசிப் படம் என்ன?"

"டெப்போதாம்மா கடைசி. அதுக்கு மேல ரூட்டே கிடையாது."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"அதுக்கப்புறம் என்ன இருக்கு? எல்லாரும் இறங்கிடுவாங்க. அவளும் இறங்கி வாசல்ல நிப்பா. நான் மட்டும் பின்னாடியிருந்து…"

அங்கேயே நின்றுவிட்டார். அந்த அம்மாள் ஃபைலை அவர் பக்கம் திருப்பினாள். காலி பஸ்ஸின் உட்புறம். ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம். நடுவே சீட்டுக்கடியில் குனிந்து பார்க்கிற ஓர் ஆள், முகம் தெரியவில்லை, முதுகு மட்டும். தோளில் பழைய டிக்கெட் பையின் வார்.

"கையெழுத்துப் போட்டுட்டு ஓடுங்க சார்" என்றாள். "மணிக்கூண்டுக்கு இடப்பக்கம் போனா குறுக்கு வழி."

ஐம்பத்திரண்டு வயதில் அந்த மனிதர் ஓடிய ஓட்டத்தை அந்தக் கல்தெரு நானூறு வருடத்தில் பார்த்திருக்காது. ஃபைலை ஸ்வெட்டருக்குள் திணித்துக்கொண்டு, குல்லாய் பறந்துபோனதுகூடத் தெரியாமல் ஓடினார். நீண்ட மண்டபத்துக்குள் அவர் நுழைந்தபோது பதினொன்றுக்கு மூன்று நிமிடம். மகள் ஃபைலைப் பிடுங்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கதவு திறந்தது, நம்பரைக் கூப்பிட்டார்கள், அவள் உள்ளே போய்விட்டாள்.

மனைவி நீண்ட மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவர் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அவள். இப்போது குரலில் கோபம் இல்லை. "அந்த வாரை இருபது வருஷம் தோள்ல போட்டிருக்கீங்க. கண்ணைக் கட்டிவிட்டாலும் கை அடையாளம் கண்டுபிடிச்சுடும். பெட்டியில போடறப்ப நிஜமாவே தெரியலையா?"

அவர் மண்டபத்தின் இந்தக் கோடிக்கு நடந்தார், அந்தக் கோடிக்கு நடந்தார். ஒரு மணி நேரம் நடந்தார். உட்கார்ந்திருந்த மற்றப் பெற்றோர்களுக்கெல்லாம் தலை சுற்றியிருக்கும்.

மகள் வெளியே வந்தபோது கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. "இடம் கொடுத்துட்டாங்கம்மா!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஒரு தாளை நீட்டினாள். "பெத்தவங்கள்ல ஒருத்தர் சம்மதக் கையெழுத்துப் போடணுமாம். இன்னிக்கே."

"கொடுடீ, நான் போடறேன்" என்று அம்மா தாளை வாங்கிக்கொண்டு கைப்பையில் பேனாவைத் தேடினாள்.

"இரு" என்றார் அவர். "முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன் பாப்பா. அது உன்னோடதுன்னு எனக்குத் தெரியும். பெட்டிக்குள்ள விடறப்பவே தெரியும். தெரிஞ்சேதான் விட்டேன்."

மகளின் முகத்திலிருந்து சிரிப்பு அப்படியே வடிந்தது. "தெரிஞ்சேவா?"

"ஆமா. நீ இங்க வந்துட்டா சனிக்கிழமை அந்தச் சீட்டு காலியா இருக்கும். நேத்து உன்னைப் பார்த்ததுலேர்ந்து அதே நினைப்பு. எனக்குத் தாங்கலை பாப்பா. தப்புதான். பெரிய தப்பு." வார் கிடந்த தோளைத் தடவிக்கொண்டார். "அங்க போனா, உள்ளே என்ன இருக்குன்னு சொல்லுன்னுட்டாங்க. அப்பத்தான் நீ வரைஞ்சதை முதல் முதல்ல பார்த்தேன். இத்தனை நாளா நீ என்கூட இருக்கத்தான் பஸ்ல வர்றேன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

அவள் கண்களில் நீர் முட்டி நின்றது. கோபமா, அழுகையா, அவளுக்கே தெரிந்திருக்காது. வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கும்தான் வந்தேன்" என்றாள் கடைசியில். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாளை அம்மாவிடமிருந்து வாங்கிப் பெஞ்சின் மேல் வைத்தாள். "அம்மா கையெழுத்துப் போட்டா அவங்களுக்குப் போதும். எனக்குப் போதாது. நீங்க சொல்லுங்க. நிறுத்தணுமா, போகலாமா?"

ரைட்டு என்று சொல்ல வாயைத் திறந்தார். இருபத்தாறு வருடம் தண்ணீர் பட்ட பாடாக வந்த சொல், இப்போது வரவில்லை. மெல்லப் பெஞ்சில் உட்கார்ந்தார். குதிகால் ஆடவில்லை. கையை உயர்த்திப் பெஞ்சின் பலகையில் ஒரு தட்டு தட்டினார்.

மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் கை அந்தரத்திலேயே நின்றது, இறங்க மாட்டேன் என்றது. மனைவி பேனாவின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தாள்.

பிறகு அவர் இன்னொரு தட்டு தட்டினார்.